வைகாசித் தெருவில் காம்போதி

2-6-71, புதன். வாலாஜா

பாதி முகம் மழித்திருந்தேன். வாசலில் அத்தர் ஜாஃபரின் குரல். ஊர் ஊராகத் திருவிழாவில் சாம்பிராணி, அத்தர் கடை போடுகிறவர். உள்ளே வந்து உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டே கேட்டார்: "என்னாப்பா ராஜகோபால், இந்த வருஷமும் உங்க அண்ணன் காஞ்சிபுரம்தானா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருப்பேன்.

"போன வைகாசியிலே பாத்தேனேப்பா. கருட சேவை அன்னிக்கு மேளக்காரங்களோட போய்க்கினு இருந்தாரு. முதுகுதான் தெரிஞ்சுது. கூப்பிட்டேன், திரும்பலை. நீதான் கச்சேரிக்கு அனுப்பிச்சிருக்கேன்னு நெனச்சேன்."

இருபத்தோரு மாதமாக நான் தேடாத ஊர் இல்லை. இந்த மனுஷன் ஒரு வருஷமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஜவ்வாது விற்றிருக்கிறார்! கட்டிக்கொள்வதா, கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன். பாதி முகத்தோடு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கோதண்டபாணியும் நானும் இருபது வருஷம் ஜோடி நாயனம். வாலாஜா சகோதரர்கள் வரவேண்டும் என்று ஆரணியிலும் ஆற்காட்டிலும் கல்யாணத் தேதியையே தள்ளி வைப்பார்கள். அறுபத்தொன்பது ஆவணியில் ஆரணியில் ஒரு கல்யாணம். அங்கே முந்நூறு பேருக்கு எதிரில் அண்ணனை நான் அவமானப்படுத்தினேன். விடிந்து பார்த்தால் அவர் பாயில் நாயனம் மட்டும் கிடந்தது. அதற்கு மேல் அதை எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

3-6-71, வியாழன்

என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சோறு போடுகிறவள் அண்ணி காந்தாதான். இந்த இருபத்தோரு மாதமும் போடுகிறாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. உப்பு இல்லை என்றால் நானே எழுந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று அண்ணனின் நாயனத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். ஜாஃபர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"கூட்டிக்கினு வா. இல்லைன்னா நீயும் அங்கியே இருந்துடு."

அவ்வளவுதான். பேசிவிட்டாளே என்று சந்தோஷப்படக்கூட நேரம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

4-6-71, வெள்ளி. காஞ்சிபுரம்

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நாயனத்தை மார்போடு பிடித்துக்கொண்டே நின்று வந்தேன். தாமல் ஏரியில் ஆடு மேய்கிறது. அப்படி ஒரு வெயில்.

பிள்ளையார்பாளையத்தில் முருகேசன் வீட்டில் தங்கியிருக்கிறேன். பட்டு நெசவு. அவன் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வாசித்தோம். அண்ணனைத் தேடி வந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பாட்டு கேக்க வந்தேன்" என்றேன். முருகேசன் நம்பிவிட்டான். அவன் பெண்டாட்டி கலாவதி நம்புகிற ஆளா? "ஏன்ணே, வாலாஜாவுல பாட்டே கெடைக்கலியா?" என்றாள், மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே.

தெருவெல்லாம் பந்தல் கால் நட்டிருக்கிறார்கள். காலையில் பாவு விரிக்கிற தெருக்களில் இப்போது மேடை. திருவிழா முடிகிற வரைக்கும் தெருவுக்குத் தெரு கச்சேரி. நாயனம், பேண்டு, வாய்ப்பாட்டு, பஜனை, எல்லாம் உண்டு. டிக்கெட் கிடையாது. யாரும் நிற்கலாம், யாரும் கேட்கலாம். ஒவ்வொரு தெருவும் வெளியூரிலிருந்து ஒரு செட்டைக் கூட்டி வந்திருக்கிறது.

முகத்தைத் தேடப்போவதில்லை. லட்சம் பேர் கூடுகிற ஊரில் முகம் எங்கே அகப்படும்? காதால் தேடுவேன். அண்ணன் ஊதினால் இரண்டு தெரு தள்ளி நின்றே சொல்வேன். இந்தக் காது என்னை ஏமாற்றியதில்லை.

5-6-71, சனி

கொடியேற்றம் ஆயிற்று. காலை ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். கால் வீங்கிப்போய் இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஐயோ, என்ன ஊர் இது! சின்னக் காஞ்சிபுரத்தில் மல்லாரி காதிலிருந்து இறங்குவதற்குள் அடுத்த திருப்பத்தில் பஜனை. அதைத் தாண்டினால் ஒரு பந்தலில் எட்டு வயசுப் பெண் பாடுகிறாள். சுருதி விலகும்போதெல்லாம் அம்மா தொடையில் கிள்ளுகிறாள். அதுவும் கச்சேரிதான். நீர்மோர்ப் பந்தலில் ஒரு சொம்பு மோர் குடித்தேன். அங்கேயும் ஒருவன் கஞ்சிரா தட்டுகிறான்.

ராஜ வீதியில் ஹயாத் பாஷா பேண்டு. நமக்கு பேண்டு என்றால் கொஞ்சம் இளக்காரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிளாரினெட் ஹயாத் பாஷா, சிவப்புச் சட்டையும் ஜிகினாத் தொப்பியுமாக, மோகனத்தை எடுத்து ஒரு சுழற்று சுழற்றினார் பாருங்கள், எனக்கே 'பலே' என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தான். அரைமணி நேரம் எதற்கு வந்தேன் என்பதை மறந்தே போனேன். பிறகு நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் எங்கள் தெரு முனையில் நமச்சிவாயம் என்று ஒரு உத்திரமேரூர்க்காரர். நாற்பது வயசிருக்கும். தோடியை இழுத்து இழுத்து அறுத்தார். ராகம் பாவம், என்ன குற்றம் செய்தது? சுருதி மட்டும் நன்றாக நின்றது. கால்மணி கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

மேளக்காரர்கள் யாராவது அடையாளம் கண்டு 'அண்ணன் எங்கே?' என்று கேட்டுவிட்டால்? அதனால் கூட்டத்துக்குப் பின்னால், ஏதாவது தூணோரமாக, கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். கேட்பதற்குக் கண் எதற்கு?

6-6-71, ஞாயிறு

பதினோரு செட். ஒன்றிலும் அண்ணன் இல்லை.

ஜாஃபர் வேறு யாரையோ பார்த்திருப்பாரோ? முதுகை வைத்து என்ன சொல்ல முடியும்? ஊரில் எல்லாருக்கும்தான் முதுகு இருக்கிறது.

7-6-71, திங்கள். கருட சேவை

வரிசையாக எழுதுகிறேன்.

விடிவதற்குள் தெரு நிரம்பிவிட்டது. ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இரண்டு பெரிய குடைகளுக்கு நடுவில் கருடன் மேல் பெருமாள் ஆடி ஆடி வருகிறார். நான் ராஜ வீதி ஓரத்தில் ஒரு பாத்திரக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாமி நெருங்க நெருங்க, இன்று ராஜ வீதிக்கு வந்துவிட்ட எல்லாத் தெருச் செட்டுகளும் பந்தலுக்குப் பந்தல் எழுந்து நின்று வாசித்தன. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலும் நன்றாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. யாருக்குத்தான் வராது?

அப்போது எதிர்ப்பக்கப் பந்தலிலிருந்து காம்போதி. மேல் ஷட்ஜத்தில் போய் நின்றது. நின்று, நின்று, எல்லாரும் இறங்குகிற வழியில் அடுத்த சுரமான நிஷாதம் வரும் என்று காத்திருக்கும்போது, ஒரு மூச்சு விட்டு, நிஷாதத்தைத் தொடாமலே தைவதத்தில் வந்து விழுந்தது. அண்ணன்! அண்ணனைத் தவிர உலகத்தில் ஒருத்தரும் அப்படி இறங்கமாட்டார்கள். எனக்கே வராது. எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து முயற்சி செய்திருப்பேன்!

பாய்ந்தேன். யார் காலை மிதித்தேன் என்று தெரியாது. ஒரு கிழவர் திட்டினார், ஒரு பெண்பிள்ளை பூக்கூடையால் இடித்தாள். பந்தலுக்கு முன்னால் போய் மூச்சு வாங்க நின்றேன்.

வாசித்துக்கொண்டிருந்தது நமச்சிவாயம். அந்தத் தோடி அறுவை!

என்னைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார், ஏதோ ரசிகன் வந்துவிட்டான் என்று. அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், இடம் இருந்திருந்தால்.

8-6-71, செவ்வாய்

எங்கும் போகவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டே இருந்தேன். கலாவதி வந்து, "அண்ணே, பாட்டு கேக்க வந்த மனுஷன் செவுத்த பாத்து படுத்துக்கினு இருந்தா எப்படி?" என்றாள். தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் எழுதாதது.

ஆரணிக் கல்யாணம். நலங்கு முடிந்து சபை உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் பைரவி எடுத்தார். காற்று ஒழுகியது. சுரம் நிற்கவில்லை. புஸ்ஸு புஸ்ஸென்று பக்கவாட்டில் போகிறது. பெண் வீட்டுக்காரன் ஒருவன் சிரித்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எங்கேயோ கள்ளச் சாராயம் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. "குடிச்சிட்டு வந்து மானத்த வாங்கறியா?" என்று கத்தினேன். அண்ணனை 'நீ' என்று. அதோடு விட்டேனா? அவர் வாயிலிருந்த நாயனத்தைப் பிடுங்கினேன். வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவாளியைக் கழற்றி என் மடியில் செருகிக்கொண்டேன்.

நாயனக்காரனுக்கு சீவாளிதான் நாக்கு. ஒருத்தன் சீவாளியை இன்னொருத்தன் தொடமாட்டான், தம்பியானாலும். நான் சபை நடுவில் அண்ணன் நாக்கை அறுத்து மடியில் வைத்துக்கொண்டு மீதிக் கச்சேரியைத் தனியாக வாசித்தேன். அதுவும் நன்றாக வாசித்தேன்! சால்வை போர்த்தினார்கள், வாங்கிக்கொண்டேன்.

கலாவதி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த நமச்சிவாயத்துக்கு உங்க அண்ணன் பிடி எங்கேருந்து வந்துச்சு? அத்த கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. கோபத்தில் தோன்றவில்லை. காது காது என்று பீற்றிக்கொள்கிறேனே, மண்டையில் ஒன்றும் இல்லை.

9-6-71, புதன்

நமச்சிவாயம் பந்தலுக்குப் பின்னால் இட்டிலி தின்றுகொண்டிருந்தார். போய் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் கேட்டேன்: "அந்தக் காம்போதி இறக்கம் யார்கிட்ட பாடம்?"

"பாடமா?" சிரித்தார். "எங்க சுருதிப்பெட்டிக்காரரு பெட்டியை அமுக்கிக்கினே மூக்காலே மொனகிக்கினு இருப்பாருங்க. காதுல வுழுந்துச்சு. நல்லா இருக்குதேன்னு வாசிச்சிட்டேன். தப்பா?"

"பேரு?"

"கோதண்டபாணின்னு. ஒரு வருஷத்துக்கு மேலே எங்கூடத்தான் இருக்காரு. முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமா இழுத்துக்குச்சு. துண்டு சுத்திக்கினு இருப்பாரு. நீங்க ரெண்டு தரம் வந்து நின்னீங்களே, பாக்கலையா?"

இல்லை. பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறார். கருட சேவையன்று நான் பந்தலுக்கு முன்னால் போய் நின்றபோது, நமச்சிவாயத்தின் தோளுக்குப் பின்னால், கழுத்தில் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். முகத்தில் துண்டு சுற்றிய ஒரு ஆள் அங்கே நின்றது இப்போது ஞாபகம் வருகிறது. சுருதி போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்ததில்லை. இருபது வருஷத்தில் எங்களுக்குச் சுருதி போட்ட ஆட்களின் பேர்கூட எனக்கு வரிசையாக வராது.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஒரு பக்கமாக. காற்று அங்கேதான் ஒழுகியிருக்கிறது.

கடவுளே. குடிக்கவில்லை அவர். குடிக்கவில்லை.

10-6-71, வியாழன்

திருப்பருத்திக்குன்றம். ஊரை ஒட்டி ஒரு கல் தூரம்தான். நமச்சிவாயம் சொன்ன அடையாளம்: சமணர் வீடு ஒன்று, பின்னால் வைக்கோல் கொட்டகை. காலை எட்டு மணி. அண்ணன் வெளியே உட்கார்ந்து கிண்ணத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் உதட்டின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடிக்கிறார். இடது கண் மூடுவதில்லை. தண்ணீர் வடிகிறது. தாடி பாதி நரைத்துவிட்டது. ஐம்பதுகூட ஆகவில்லை அவருக்கு.

என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை.

"சனிக்கெழமையே பாத்துட்டேன்" என்றார். 'ப' வருகிற இடமெல்லாம் காற்றுதான் வருகிறது. "தூணாண்ட கண்ண மூடிக்கினு நின்னே. நமச்சிவாயம் தோடிக்கு மூஞ்சிய சுளிச்சியே, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"கூப்பிட்டிருக்கலாமேண்ணா!"

"நீ கண்ணையே தொறக்கலியேடா."

காலில் விழுந்தேன். "எந்திரி. அடுத்தவங்க வூட்டு வாசல்ல நாடகம் ஆடாதே" என்றார். எழுந்திருக்கவில்லை. சீவாளியை மடியிலிருந்து எடுத்து அவர் காலடியில் வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூச்சி அரிச்சுப்போச்சு" என்று திண்ணமாகச் சொல்லிவிட்டு மண்ணிலேயே போட்டுவிட்டார்.

கஞ்சியைக் குடித்து முடித்த பிறகு அவராகவே சொன்னார். அன்றைக்கு ஆரணியில் சாயங்காலத்திலிருந்தே கன்னம் மரத்துக்கொண்டிருந்ததாம். குளிர்காற்று என்று நினைத்தாராம். "விடிகாலையிலே எழுந்து வாய் கொப்புளிச்சேன். தண்ணி ஒரு பக்கமா தானா ஊத்திக்குச்சு. அப்பதான் புரிஞ்சுது, நம்ம கத முடிஞ்சுதுன்னு."

"ஏன்ணா சொல்லலை? ஓடிவந்து சொல்லியிருந்தா..."

"குடிகாரன்னு பேரு வந்தா அடுத்த மூர்த்தத்துக்கும் கூப்புடுவான். வாய் போச்சுன்னா எவன் கூப்புடுவான்? நீ சொன்ன பேரே தேவலைன்னு விட்டுட்டேன்."

அண்ணி சொன்னதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வாங்கண்ணா என்றேன். வரமாட்டாராம். இங்கே அவருக்கு ஒரு வேலை இருக்கிறதாம். "அங்க வந்து? நீ நாயனத்த தூக்கிக்கினு போறத வாசல்ல நின்னு பாத்துக்கினு இருக்கணுமா?"

அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். "அப்ப எனக்குச் சுருதி போடுங்கண்ணா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எங்களில் அண்ணன் வலது பக்கம் உட்கார்ந்து முதல் நாயனம் வாசிக்கிறவர். தம்பி இடது பக்கம். அண்ணனாவது தம்பிக்குப் பின்னால் பெட்டி அமுக்குவதாவது!

"நமச்சிவாயத்துக்குப் போட்டா அது கூலிடா" என்றார். "உனக்கா?" கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அரைமணி நின்றேன். வெளியே வரவில்லை.

நாயனத்தைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதையாவது எடுத்துக்கொள்ளட்டும்.

11-6-71, வெள்ளி. தேர்

தேரைப் பார்க்கப் போனேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வடத்தைப் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் நமச்சிவாயம் முருகேசன் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் அண்ணனின் நாயனம். அவருடைய துணை நாயனக்காரன் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டானாம். நாளைக்கு இந்தத் தெரு மேடையில் கச்சேரி. "நீங்க ஒரு நாளைக்குத் துணைக்கு உக்காரணும். உங்க அண்ணாருதான் சொன்னாரு, அவனக் கேட்டுப் பாருன்னு. இந்த நாயனத்தையும் குடுத்து அனுப்பிச்சாரு."

நமச்சிவாயத்துக்குத் துணை நாயனம்! நான்! வாலாஜாவில் கேள்விப்பட்டால் தெரு நாய்கூடச் சிரிக்கும்.

சரி என்றேன். அண்ணன் சொன்னார் என்றால் எதற்கோ சொல்லியிருக்கிறார்.

12-6-71, சனி

மாலை ஆறு மணி. மேடை முழுக்க ட்யூப் லைட். முருகேசனும் கலாவதியும் முதல் வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். தெரு நெடுக ஜனம். நமச்சிவாயம் வலது பக்கம், நான் இடது பக்கம். எங்களுக்குப் பின்னால் அண்ணன், பெட்டியோடு. பெட்டிக்கு நேராக ஒரு மைக்.

ஒரு மணி நேரம் நமச்சிவாயத்தின் பின்னாலேயே போனேன். அவர் இழுத்தால் இழுத்தேன், அறுத்தால் அறுத்தேன். மோசமானவர் இல்லை, நான்தான் மோசமாக நினைத்திருக்கிறேன். நல்ல மனுஷன். நடுவில் என் பக்கம் குனிந்து, "காம்போதி நீங்களே எடுங்க" என்றார்.

எடுத்தேன். அண்ணனின் நாயனம், என் சீவாளி. முதலில் பயந்து பயந்துதான் வாசித்தேன். பின்னால் அவர் இருக்கிறார், கேட்கிறார் என்று. பிறகு முன்வரிசையில் ஒருவர் 'ஆகா' என்றார். அவ்வளவுதான், பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஓடினேன். பிருகா மேல் பிருகா. ஜனம் தலையாட்டியது. அண்ணனை மறந்துவிட்டேன், ஆரணியை மறந்துவிட்டேன். மேல் ஷட்ஜத்துக்கு ஏறிப் போய் நின்றேன்.

சுருதி நின்றுவிட்டது.

மைக்கில் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் என் சுரம் மட்டும் தனியாக நிற்கிறது, அம்மணமாக. தவில்காரர் கையைத் தூக்கியபடியே இருக்கிறார். யாரோ இருமினார்கள். எங்கேயோ ஒருத்தன் சிரித்தான். எவ்வளவு நேரம்? மூன்று மூச்சு இருக்கும். ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. ஆரணியில் அவருக்கு இப்படித்தானே இருந்திருக்கும்? இதைவிடப் பத்து மடங்கு.

நாயனத்தை வாயிலிருந்து எடுத்தேன். மடியில் வைத்தேன். சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். மேடையில் அப்படிச் செய்யவே கூடாது. செய்தேன். அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினேன்.

அவர் கை பெட்டியின் மேலேயே இருந்தது. அந்த மூடாத கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டியை அமுக்கினார். சுருதி வந்தது. முகவாயை லேசாக அசைத்தார், திரும்பு, வாசி என்று.

மெதுவாக வாசித்தேன். ஓடவில்லை.

முடிந்ததும் நமச்சிவாயம் பதறிப்போய், "பெட்டிக்கு என்னா ஆச்சு?" என்றார். "கை மரத்துப்போச்சு" என்றார் அண்ணன். நமச்சிவாயம் நம்பிவிட்டார். கலாவதி நம்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள்.

பந்தலுக்குப் பின்னால், பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "உனக்குச் சுருதி போடறதுன்னா இப்படித்தான். ஓடினா நிறுத்துவேன். எந்தச் சபையா இருந்தாலும் நிறுத்துவேன். சம்மதமா?"

"சம்மதம்ணா."

"வாலாஜா பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

13-6-71, ஞாயிறு

நமச்சிவாயத்திடம் சொல்லிக்கொண்டோம். முணுமுணுத்தார், பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கலாவதி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அண்ணனுக்கு மட்டும் தனியாகத் தயிர்சாதம், பிசைந்து.

அண்ணன் ராத்திரியே கிளம்ப வேண்டாம், காலையில் போகலாம் என்றார். பயப்படுகிறார். எனக்கும் பயம்தான்.

14-6-71, திங்கள். வாலாஜா

அண்ணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சொம்பு கையிலேயே இருந்தது. அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவள் கிட்டே வந்து அவளே எடுத்தாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். ஈரக் கையால் அவர் கன்னத்தை ஒரு தரம் தடவினாள். அழவில்லை, கத்தவில்லை. 'எங்கே போனீங்க' என்றுகூடக் கேட்கவில்லை.

என் பக்கம் திரும்பினாள்.

"மளிகைக்குப் போய் அரிசி நொய்யி ஒரு படி வாங்கிக்கினு வா. இந்த வாய வெச்சிக்கினு சோத்த எப்படி மெல்லுவாரு? நின்னுக்கினே இருக்கியே, போ. உனக்கும் சேத்துத்தான் ஒல வெக்கணும்."

பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.